சொன்ன சேதி வீடு போய்ச் சேர: தொடக்கப் பள்ளியில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வகுப்பு வாட்சப் குழுவில் ஓர் அறிவிப்பு போடுகிறீர்கள்: ‘திங்கட்கிழமை வாசிப்பு நாள், பெற்றோர் வரவும்’. அந்தச் செய்தி கொண்டலாம்பட்டித் தறிக்கூடத்தில் ஓடும் தறிகளுக்கு நடுவே நிற்கும் அப்பாவின் சட்டைப் பைக்குப் போகிறது. அவர் இரவு எட்டு மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டு, போனை எடுக்கும்போது அதற்கு மேலே முப்பது செய்தி ஏறியிருக்கும். பிள்ளையைத் திங்கட்கிழமை தலைவாரி அனுப்பப் போகிற அம்மாவிடம் போனே கிடையாது. திங்கட்கிழமை பத்துப் பேர் வருவார்கள். ‘இந்த ஊரில் பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று யாராவது சொல்வார்கள். அக்கறைக்கு ஒரு குறையும் இல்லை. சேதிதான் வீடு போய்ச் சேரவில்லை.

சேலம் நகரம், சுற்றியுள்ள தறி ஊர்கள், ஏற்காட்டு மலைக் கிராமங்கள் ஆகிய இடங்களில் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெற்றோர், மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. ஒரு வகுப்பில் 25 முதல் 40 பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லியிருக்கிறோம்.

முதல் வேலை: ஒரு நோட்டு

சேதி அனுப்பத் தொடங்கும் முன் அது யாருக்குப் போக வேண்டும் என்று தெரிய வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் எண்ணும் இதற்குப் போதாது. அந்த எண் பெரும்பாலும் சேர்க்கையின்போது ஓடிபி வாங்குவதற்காகக் கொடுத்தது. சித்தப்பாவுடையதாக இருக்கலாம், இரண்டு வருடமாக ரீசார்ஜ் செய்யாததாகவும் இருக்கலாம்.

80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். அதில் ஆறு விஷயம் மட்டும் எழுதுங்கள்:

1. மாலையில் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் யார் (அம்மா, அம்மாயி, அப்பத்தா, அக்கா)
2. அவர் கைக்கு எட்டும் போன் எது, அது பட்டன் போனா டச் போனா
3. அவர் தமிழ் வாசிப்பாரா
4. வீட்டில் பேசும் மொழி
5. என்ன வேலை, எந்த நேரத்தில் கை காலியாகும்
6. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடலாம்

இதற்குப் படிவம் அடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ‘வாசிக்கத் தெரியுமா’ என்ற கேள்விக்குத் தாளில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். காலையில் விட வரும்போதும் மாலையில் கூட்டிப்போக வரும்போதும் வாசலில் நின்று பேசுங்கள். ஒரு நாளைக்கு நான்கு குடும்பம் என்றால் 40 பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் ஆகும். வாசலுக்கே வராத வீடுகள் ஐந்தாறு இருக்கும். அவற்றுக்கு மட்டும் நேரில் போங்கள். மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க வேண்டாம். ‘சீட்டு கொடுத்து விட்டா வசதியா, போன்ல சொன்னா வசதியாங்க?’ என்று கேட்டால் போதும், பதில் தெரிந்துவிடும்.

நான்காவது கேள்வியைப் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசும் நெசவுக் குடும்பங்கள் உண்டு. வடமாநிலத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது தொடக்கப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து உதவாது. நாலு வார்த்தை இந்தி பேசத் தெரிந்த ஒரு பெரிய பிள்ளையோ கடைக்காரரோ உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

எந்தச் சேதி எந்த வழியில்

எல்லாவற்றையும் வாட்சப்பில் போட்டு முடிப்பதுதான் இன்றைக்கு அதிகம் நடக்கும் தவறு. சேதியின் தன்மையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்.

தேதியும் நேரமும் உள்ள சேதி என்றால் துண்டுச் சீட்டு. சுவரில் ஒட்டி வைக்கலாம், திரும்ப எடுத்துப் பார்க்கலாம். எப்படிச் செய்வது என்று விளக்க வேண்டியது என்றால் குரல் பதிவு அல்லது நேர்ப்பேச்சு. இன்றே தெரிய வேண்டியது என்றால் போன் அழைப்பு. ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய சேதி, அதாவது உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பிள்ளை வாசிப்பதில் பின்தங்கியிருப்பது போன்றவை, எக்காரணம் கொண்டும் குழுவில் போடக் கூடாது. ‘கீழ்க்கண்ட மாணவர்கள் இன்னும் சான்றிதழ் தரவில்லை’ என்று பெயர்ப் பட்டியல் போட்ட குழுவில் அந்தப் பெற்றோர் அதன்பிறகு வாய் திறக்க மாட்டார்கள்.

வாசலில் இருக்கும் கரும்பலகையை மறக்காதீர்கள். பிள்ளையை விட வருகிறவர் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள், எழுத்து உள்ளங்கை அகலம் இருக்கட்டும், திங்கட்கிழமை காலை மாற்றுங்கள். போன மாதச் செய்தி அப்படியே கிடந்தால் பிறகு யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

துண்டுச் சீட்டு எழுதும் முறை

ஏ4 தாள் ஒன்றை நான்காக வெட்டினால் நான்கு சீட்டு. 40 பிள்ளைகளுக்குப் பத்துத் தாள் போதும். கையால் பெரிதாக எழுதி ஜெராக்ஸ் எடுத்தாலும் சரி, கணினியில் அடித்தால் எழுத்து அளவு 16க்குக் குறைய வேண்டாம். ஒரு சீட்டில் ஒரு சேதி. வாசிப்பு நாளையும் சீருடை அளவு எடுப்பதையும் ஒரே சீட்டில் எழுதினால் இரண்டாவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மேலிருந்து வரும் சுற்றறிக்கையின் நடையைச் சீட்டில் கொண்டு வராதீர்கள். ‘பெற்றோர்கள் தவறாது கலந்துகொண்டு நிகழ்ச்சியைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வாக்கியத்தில் என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார், எதற்கு என்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. இப்படி எழுதுங்கள்:

‘கவின் வீட்டாருக்கு வணக்கம். வரும் வியாழக்கிழமை, 14ஆம் தேதி, மதியம் 3 மணிக்குப் பள்ளியில் வாசிப்பு நாள். முக்கால் மணி நேரம்தான். கவின் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவான். வீட்டில் இருந்து யாராவது ஒருவர் வாருங்கள். அம்மாயி, தாத்தா, பெரியம்மா யார் வந்தாலும் சரி. பணம் எதுவும் வேண்டாம். வருகிறவர் பெயரைக் கீழே எழுதி நாளைக்குக் கொடுத்தனுப்புங்கள்.’

பிள்ளையின் பெயருக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டு, பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். தன் பெயர் எழுதிய சீட்டைப் பிள்ளை தொலைக்காது. ‘பணம் எதுவும் வேண்டாம்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பள்ளியில் இருந்து சீட்டு வந்தாலே காசு கேட்கிறார்கள் என்று நினைத்து வராமல் இருந்துவிடும் வீடுகள் உண்டு. ‘யார் வந்தாலும் சரி’ என்பதும் அப்படித்தான். ‘பெற்றோர்’ என்று எழுதினால், அப்பா அம்மா இருவரும் வெளியூரில் இருக்கும் பிள்ளையின் அம்மாயி தனக்கு அழைப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார்.

சீட்டைக் கடைசி மணி அடிக்கும்போது கொடுக்காதீர்கள். அவசரத்தில் பைக்குள் திணித்தது சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் போய், மறுநாள் சாம்பார்க் கறையோடு அப்படியே திரும்பி வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்து, எல்லோரும் ஒருமுறை சத்தமாக வாசித்து, வீட்டுப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் வாசிப்புப் பாடமும்தான். 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் போய் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அதில் மனப்பாடம் ஆகிவிடும்.

குரல் பதிவு

கொலுசுக்குச் சலங்கை கோர்க்கும் அம்மாவுக்கும் தறிக்கு நூல் சுற்றும் பாட்டிக்கும் கை ஓயாது, காது மட்டும்தான் காலி. சேலத்தில் குரல் பதிவு எழுத்தைவிட நன்றாக வேலை செய்வது இதனால்தான். 40 நொடிக்குள் முடியுங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டிய பதிவைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

முதல் மூச்சிலேயே யார் பேசுவது, எந்த வகுப்பு என்று சொல்லுங்கள். அடுத்து செய்ய வேண்டியது. பிறகு நாள், நேரம். கடைசியில் நாளையும் நேரத்தையும் இன்னொரு முறை. எழுதி வைத்து வாசித்தால் செய்தி வாசிப்பது போல இருக்கும், பேசுவது போலவே பேசுங்கள்:

‘வணக்கம்ங்க, மூணாம் வகுப்பு டீச்சர் பேசறேன். இன்னைக்கு உங்க பாப்பா, தம்பி பையில ஒரு கதைப் புத்தகம் வந்திருக்குது. ராத்திரி சாப்பிட்டதும் பக்கத்துல உக்காந்து பத்து நிமிசம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. தப்பா வாசிச்சாலும் திட்டாதீங்க. புத்தகத்தைச் செவ்வாய்க்கிழமை கொடுத்து விடுங்க. செவ்வாய்க்கிழமைங்க.’

விசைத்தறி ஓடும் வீட்டுக்கு அழைத்தால் மணியே காதில் விழாது. ஷிப்ட் மாறும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு அப்போது கூப்பிடுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவருக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பிப் பயனில்லை, பழைய கருவிகளில் எழுத்து வெறும் கட்டங்களாகத் தெரியும். அவர்களுக்கு அழைப்பு ஒன்றுதான் வழி.

வாட்சப் குழுவைக் கெடாமல் வைத்திருக்க

வகுப்புக்கு ஒரு குழு, பெயரில் வகுப்பும் கல்வியாண்டும். அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று முதல் நாளே அமைப்பில் மாற்றிவிடுங்கள். திறந்து விட்டால் இரண்டு வாரத்தில் காலை வணக்கப் படங்களும் கடன் விளம்பரமும் கட்சிச் செய்தியும் நிறைந்து, மக்கள் குழுவை மௌனமாக்கிவிடுவார்கள். ஒருமுறை மௌனமாக்கிய குழுவை யாரும் திரும்பத் திறப்பதில்லை. கேள்வி கேட்க விரும்புகிறவர் தனியாக உங்களுக்கு எழுதலாம், எந்த நேரத்தில் பதில் வரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குழுவுக்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) வைப்பவர்கள் கவனிக்க: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். சேமிக்காதவருக்குப் போகவே போகாது, போகவில்லை என்று உங்களுக்கு அறிவிப்பும் வராது. முதல் கூட்டத்தில் எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, ‘மூணாம் வகுப்பு டீச்சர்’ என்று சேமிக்க வைத்த பிறகே இதை நம்புங்கள்.

வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். புதன் மாலை ஒன்று, வெள்ளி மாலை ஒன்று என்று நாள் பழகிவிட்டால் அவர்களே எதிர்பார்ப்பார்கள். மூன்று பக்க பிடிஎஃப் சுற்றறிக்கையை அப்படியே தள்ளிவிடாதீர்கள், இந்த வகுப்புப் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு வரியில் எழுதுங்கள். வீடியோ ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யும் வீட்டில் அந்த நாள் தள்ளிப்போனால் சேதி அதோடு நிற்கும். அந்த வீடுகளுக்குச் சீட்டு தொடரட்டும்.

பிள்ளைகளின் படம் போடும் முன் வீட்டாரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, தன் மகள் படம் ஊரார் போனில் சுற்றுவதை விரும்பாத அம்மாவின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்தாக வேண்டும். பிள்ளையின் முகம் தெரியாமல் கையும் புத்தகமும் மட்டும் விழும்படி எடுத்தால் எவருக்கும் சங்கடம் இல்லை.

மலையில்

ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஆசிரியருக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்த ஊரில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்பது. பஸ் நிற்கும் மேட்டில் கிடைக்கும், வீட்டில் கிடைக்காது. அனுப்பிய சேதி அவர்கள் மேட்டுக்கு வரும்போதுதான் இறங்கும். ஆகவே மறுநாளுக்கான சேதியை இன்று மாலை அனுப்புவது மலையில் செல்லாது, மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

காப்பித் தோட்டங்களில் காலையில் ஆள் எடுக்கும் மஸ்டர், ரேஷன் கடை, டீக்கடை, சந்தை, கோயில் திண்ணை ஆகியவைதான் அங்கே அறிவிப்புப் பலகை. மேஸ்திரியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, ஆள் எடுக்கும்போது வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் இருபது வீட்டுக்குச் சேதி போய்விடும். ஊர்ப் பெரியவரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் வந்த அழைப்பை ஊர் ஏற்கத் தயங்கும்.

நாள் குறிக்கும் முன்

பருவத் தொடக்கத்தில் ஒரு பெரிய காலண்டர் தாளில் ஊரின் வேலையையும் விசேஷத்தையும் முதலில் குறித்துவிட்டு, மிச்சமிருக்கும் நாளில் பள்ளி நிகழ்ச்சியை வையுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் அதை ஒட்டிப் பேட்டை பேட்டையாக மாரியம்மன் பண்டிகையும் நடக்கும். குகையில் வண்டி வேடிக்கை நடக்கும் நாளில் கூட்டம் வைத்தால் நாற்காலிகள்தான் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் சேலையும் கொலுசும் செய்யும் வீடுகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. மலையில் நவம்பரில் தொடங்கிப் பொங்கல் வரை காப்பிப் பழம் பறிப்பு, அதை ஒட்டி மிளகு. அந்த மாதங்களில் பகல் கூட்டம் வைப்பது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்வதுதான். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வையுங்கள், அல்லது நீங்களே ஊருக்குள் போங்கள்.

வாசிப்புக்கென்று நல்ல நாட்களும் உண்டு: காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், நவம்பர் 14 தொடங்கி 20 வரை தேசிய நூலக வாரம், பிப்ரவரி 21 தாய்மொழி நாள். நகரப் பள்ளிகள் நூலக வாரத்தில் மாவட்ட மைய நூலகத்துக்குப் பெற்றோரோடு ஒரு நடை போய்வரலாம். உறுப்பினர் ஆவது எப்படி என்று முந்தைய வாரமே கேட்டு வந்து சீட்டில் எழுதிவிட்டால் அன்றே சிலர் சேர்ந்துவிடுவார்கள்.

புத்தகப் பை

வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஓடுகிற எல்லாச் சேதிகளிலும் இதுதான் மிகுந்த பலன் தருவது. இதற்குக் கொஞ்சம் அதிக உழைப்பு கொடுங்கள்.

25 பிள்ளைகள் என்றால் 25 துணிப்பை, 30 புத்தகம். ஐந்து புத்தகம் எப்போதும் கையில் இருப்பு, திரும்பாததற்கும் கிழிந்ததற்கும் பதிலாக. மஞ்சப்பை அளவே போதும், பெயிண்டில் எண் போடுங்கள். பைக்குள் நான்கு பொருள்: கதைப் புத்தகம், 40 பக்க நோட்டு, பென்சில், வீட்டாருக்கான அட்டை. மலைப் பள்ளிகளில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும், மூடுபனியில் நடந்து போகும் பிள்ளையின் துணிப்பை வீடு சேர்வதற்குள் நனைந்து புத்தகத்தின் விளிம்பு சுருண்டுவிடும்.

எந்தப் புத்தகம் யாருக்கு? பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிடும் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் வருகின்றன. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லும்போது ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள். வீட்டுக்குப் போகும் புத்தகம் பள்ளியில் வாசிப்பதைவிடக் கொஞ்சம் எளிதாகவே இருக்கட்டும். வீட்டார் முன்னால் சரளமாக வாசித்துக் காட்டிய பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை தானே வந்து கேட்கும். 4, 5ஆம் வகுப்புக்கு வரும் ஊஞ்சல் இதழையும் இதே பையில் அனுப்பலாம்.

வெள்ளிக்கிழமை கொடுத்துச் செவ்வாய்க்கிழமை வாங்குங்கள். திங்கட்கிழமை என்று வைத்தால் சீருடை, டை, டிபன் என்று ஓடும் காலையில் பை வீட்டிலேயே நின்றுவிடும். பதிவேட்டில் பை எண், பிள்ளை பெயர், கொடுத்த தேதி, திரும்பிய தேதி இவ்வளவே. எழுதும் வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் விட்டுவிடலாம், அழகாகச் செய்வார்கள்.

அட்டையில் என்ன எழுதுவது என்பது முக்கியம். வாசிக்கத் தெரியாத வீட்டுக்கும் இது பொருந்த வேண்டும். பக்கத்தில் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். பிள்ளை தடுக்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் மூன்று கேள்வி: ‘யார் யாரெல்லாம் வந்தாங்க?’, ‘அப்புறம் என்ன ஆச்சு?’, ‘உனக்கு எது புடிச்சுது?’ இவற்றைக் கேட்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. கன்னடத்திலோ சௌராஷ்டிரத்திலோ இந்தியிலோ கேட்கலாம், பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னாலும் கதை புரிந்ததா என்று தெரிந்துவிடும். இதைக் குரல் பதிவிலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டுமொழியில் பேசினால் பள்ளியில் தமிழ் வராது என்று பயந்து பேசாமலே இருக்கும் வீடுகள் இருக்கின்றன.

கையெழுத்து கேட்காதீர்கள். கையெழுத்துப் போட வராதவருக்கு அது ஒவ்வொரு வாரமும் ஒரு தலைகுனிவு. நோட்டில் அன்றைக்குக் கேட்டவர் ஒரு பூவோ புள்ளிக் கோலமோ போட்டு அனுப்பட்டும். அதன் கீழே பிள்ளை ஒரு வரி எழுதட்டும்: யார் கேட்டார்கள், எது பிடித்தது. சில வாரம் எதிர்த்திசையிலும் அனுப்புங்கள்: புத்தகத்துக்குப் பதில் வெறும் நோட்டு போகும், வீட்டுப் பெரியவர் சொல்லும் ஒரு கதையையோ விடுகதையையோ பிள்ளை ஐந்து வரியில் எழுதி வரும். மலையில் சாமைக் கொல்லைக் காவலும் காட்டுமாடும் வரும் கதைகள் இப்படித்தான் நோட்டுக்குள் வந்து சேரும். அவற்றை நகலெடுத்துத் தைத்தால் அடுத்த பருவத்துக்குப் பைக்குள் போக ஒரு புத்தகம் கிடைக்கிறது.

என்ன தவறும்? பெரும்பாலும் புத்தகம் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கிழிந்தால் காசு கட்ட வேண்டும் என்ற பயம். அலுங்காமல் குலுங்காமல் புதிதாகவே திரும்பும் புத்தகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், அதை யாரும் திறக்கவில்லை. ‘கிழிந்தாலும் பரவாயில்லை, அபராதம் கிடையாது, நாங்கள் ஒட்டிக்கொள்வோம்’ என்று அட்டையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒட்டுவதற்குச் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவு எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி மாவை அரை டம்ளர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிளறி ஆற வையுங்கள். மெல்லிய வெள்ளைத் தாளைப் பட்டையாகக் கிழித்து, இந்தப் பசையால் கிழிசல் மேல் ஒட்டி, ஒரு இரவு பாரம் வைத்தால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் தொடும் புத்தகத்துக்கு வேண்டாம். பசையைக் கொஞ்சமாகச் செய்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். செலோடேப் இரண்டு வருடத்தில் பழுத்து எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும்.

அரும்பு, மொட்டு, மலர் என்றால்

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் வகுப்பைப் பார்க்காமல், தாங்கள் இருக்கும் கற்றல் நிலைப்படி அரும்பு (முதல் படி), மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலைப் பயிற்சி செய்வதைப் பார்த்துப் பெற்றோர், ‘என் புள்ளயப் பழைய வகுப்புக்குத் தள்ளிட்டாங்க’ என்று நினைப்பது இயல்பு. இதை அவர்கள் வந்து கேட்கும்வரை விடாதீர்கள். ஜூன் மாதமே தனித்தனியாக விளக்குங்கள். மூன்று நிலைக்கும் ஒவ்வொரு பக்கத்தைக் காட்டி, ‘இப்ப இதை வாசிக்கிறாள், தீபாவளிக்குள்ள இதுக்குக் கொண்டு வரணும், வீட்டுல இதைச் செய்யுங்க’ என்று விரலால் தொட்டுச் சொன்னால் புரியும். சதவீதமும் தரமும் சொன்னால் புரியாது. எந்தப் பிள்ளை எந்த நிலை என்ற பட்டியல் சுவரிலோ குழுவிலோ வரக் கூடாது.

கூட்டமும் வாசிப்பு நாளும்

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாதக் கூட்டத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவது எளிது, ஆனால் இந்தக் குழுதான் உங்கள் தபால் இலாகா. எட்டு வீட்டுக்கு ஒருவர் என்று தெருவைப் பிரித்துக் கொடுங்கள். கூட்டத்துக்கு வராத வீடுகளுக்கு அந்த அக்கா அன்று மாலையே வாயால் சொல்லிவிடுவார்.

கூட்டம் 40 நிமிடம், பேச மூன்று பொருள், அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் வாசிக்கட்டும். நன்றாக வாசிக்கும் நான்கு பேரை மட்டும் முன்னால் நிறுத்தினால் மற்ற வீட்டார் அடுத்த முறை வர மாட்டார்கள். நான்கு நான்கு பேராக வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாருக்கு ஒரு பக்கம் வாசிக்கட்டும். வீட்டில் இருந்து யாரும் வராத பிள்ளைக்குச் சத்துணவு அக்காவோ ஐந்தாம் வகுப்பு அண்ணனோ உட்கார்ந்து கேட்க வேண்டும், இதை முன்னதாகவே ஏற்பாடு செய்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே பாய். ஆசிரியர் நாற்காலியிலும் பெற்றோர் தரையிலும் இருந்தால் ஒரு கேள்விகூட வராது.

மாத்திரை, மழை

குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பும் முந்தைய மாலையும் சொல்லுங்கள். அல்பெண்டசோல் என்று பெயரைச் சொல்லி, மென்று விழுங்க வேண்டும், சாப்பிட்டு வரட்டும், காய்ச்சல் அல்லது உடல்நலக் குறைவு இருந்தால் முன்பே தெரிவியுங்கள், புழு அதிகம் இருக்கும் சிலருக்கு லேசான வயிற்று வலியோ குமட்டலோ வந்து அடங்கும், விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னதாகச் சொல்லாமல் கொடுத்து ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், பத்து நிமிடத்தில் பாதி ஊர் வாசலில் நிற்கும்.

மழை விடுமுறை பற்றித் தலைமை ஆசிரியர் ஒருவர் மட்டும் அறிவிக்க வேண்டும், அதுவும் ஆட்சியரின் அறிவிப்பைப் பார்த்த பிறகு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது போன்ற நேரங்களில், பழைய படமும் பழைய விடுமுறை அறிவிப்பும் சேர்ந்து சுற்றும். உங்கள் சேதியில் தேதியை எழுத்தாலும் எண்ணாலும் போடுங்கள். போன் எட்டாத ஊர்களுக்கு யார் மூலம் சொல்வது என்பது மழைக்கு முன்பே நோட்டில் இருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததா?

வியாழக்கிழமைதோறும் ஐந்து வீட்டைக் கூப்பிடுங்கள், வாரம் ஐந்து வேறு வீடு. ‘மெசேஜ் பாத்தீங்களா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் ‘பாத்தேங்க’ என்றுதான் சொல்வார்கள். ‘இந்த வாரம் பள்ளிக்கூடத்துல இருந்து என்ன சேதி வந்துச்சுங்க?’ என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு பேருக்குத் தெரியவில்லை என்றால் வழியில் எங்கோ அடைப்பு. சீட்டு பையைவிட்டு வெளியே வரவில்லையா, போன் வேறு கையில் இருக்கிறதா, நாம் எழுதியது புரியவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்றாவது காரணம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

திரும்பி வரும் சீட்டுகளை எண்ணி வையுங்கள். 40இல் 31 வந்தால், வராத ஒன்பது வீடு எவை என்று பாருங்கள். அடுத்த மாதமும் அதே ஒன்பதாக இருந்தால் இன்னும் நான்கு சீட்டு அனுப்புவதால் மாற்றம் வராது, அந்த ஒன்பது வீட்டுக்கு வேறு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன், அக்டோபர், ஜனவரி என்று பருவத் தொடக்கம் ஒவ்வொன்றிலும் எண்களைச் சரிபாருங்கள். ஏப்ரல் கடைசியில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த வீட்டுக்கு எந்த வழி பலித்தது என்று இரண்டு வரி எழுதி, அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். ‘போன் எடுக்க மாட்டார். எதிர்வீட்டு டெய்லர் அக்காவிடம் சொன்னால் போதும்’ என்ற ஒரு வரி, ஜூன் மாதத்தில் அவருக்கு இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தும்.